எண்ணி எழுதிய பேராசிரியர்

முன்னுரை

ஆராய்ச்சி என்றால் அது கடல் கடந்த நாட்டில், பெரிய ஆய்வுக்கூடங்களில், விலையுயர்ந்த கருவிகளுக்கு நடுவே நடைபெறுவது என்ற எண்ணம் நம் மாணவர்களிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. முதுகலை இறுதியாண்டில் ஆய்வேடு எழுத வேண்டும் என்று துறைத் தலைவர் அறிவித்தவுடன் நாம் முதலில் செய்வது என்ன? நமக்கு முன் படித்துச் சென்ற அண்ணன்மார், அக்காமாரின் பழைய ஆய்வேட்டைத் தேடுகிறோம். தலைப்பில் ஒரு சொல்லை மாற்றி, ஊரின் பெயரை மாற்றி, அறுபது பக்கம் நிரப்பி, பைண்டு செய்து, அட்டையில் பொன்னிற எழுத்து அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நிம்மதி கொள்கிறோம். அந்த ஏட்டை எழுதியவரே இரண்டாம் முறை திறந்து பார்ப்பதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்த உண்மை.

நாம் நாள்தோறும் மின்சார ரயிலில் கடந்து செல்லும் தாம்பரத்தில் வாழ்ந்த ஒரு பேராசிரியர், இந்த எண்ணம் தவறு என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டினார். அவர்தாம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் துறைத் தலைவராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி அவர்கள். இவ்வாண்டு ஆய்வேடு எழுதும் நிலையில் உள்ள நான், அவரைப் பற்றிப் படித்தறிந்தவற்றை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தாம்பரமும் கல்லூரியும்

1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1937-இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் புதர்க்காட்டிற்குக் குடிபெயர்ந்தது. கல்லூரி வந்ததால் காடு அழியவில்லை. மரமும் செடியும் பறவையும் மானும் கல்லூரியோடு சேர்ந்தே வாழ்ந்தன. வகுப்பறையின் சன்னலைத் திறந்தால் ஆராய்வதற்கு ஓர் உலகமே காத்திருந்த இடம் அது.

கிஃப்ட் சிரோமணி அவர்கள் 1932-இல் பிறந்தவர். கணிதமும் புள்ளியியலும் அவருடைய துறை. கணிதத்திலும் கணிப்பொறியியலிலும் உலகப் புகழ் பெற்ற பேராசிரியை ராணி சிரோமணி அவர்கள் அவருடைய துணைவியார். அதே கல்லூரியில் பணியாற்றிய அவர், கணவரின் ஆய்வுகள் பலவற்றில் இணையாசிரியராகவும் விளங்கினார்.

பேராசிரியரின் வாழ்க்கையில் பெரும் பதவிகளையும் அரசியல் திருப்பங்களையும் தேடுவோர் ஏமாற்றம் அடைவர். அவர் எழுதிய கட்டுரைகளின் பட்டியலே அவருடைய வாழ்க்கை வரலாறு எனலாம். அப்பட்டியலைக் கையில் எடுப்பவர் வியப்பில் ஆழ்வார். எழுத்து, கோலம், சிற்பம், பறவை, மூலிகை, சிந்துவெளிக் குறிகள் என்று அது நீண்டுகொண்டே போகிறது. இத்தனையும் ஒரு புள்ளியியல் பேராசிரியருக்கு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. அவர் செய்தது எல்லா இடத்திலும் ஒரே செயல்தான். கண்ணெதிரே உள்ள பொருளைப் பார்த்தார். எண்ணினார் அல்லது அளந்தார். கண்டதைச் சுருக்கமாக எழுதி, அறிந்தவர்கள் சரிபார்க்கும் இடத்திற்கு அனுப்பினார்.

எழுத்துகளை எண்ணியவர்

1948-இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்னும் அறிஞர், செய்தியை அளப்பதற்கு ஒரு கணிதமுறையை வகுத்தார். ஒரு மொழியில் அடுத்து வரப்போகும் எழுத்தை நம்மால் எளிதில் ஊகிக்க முடிந்தால், அந்த எழுத்து நமக்குத் தரும் புதுச் செய்தி குறைவு. ஊகிக்க முடியாவிட்டால் செய்தி மிகுதி. இந்த அளவிற்கு என்ட்ரபி என்று பெயர். 1951-இல் ஷானன் ஆங்கிலத்திற்கு இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்.

தமிழுக்கு இதைச் செய்தால் என்ன? தமிழில் 'ங்' என்ற எழுத்தைக் கண்டவுடன் அடுத்து ககர வரிசையில் ஓர் எழுத்து வரும் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். 'போகிறா' என்பது வரை படித்தவர் அடுத்து வரக்கூடிய எழுத்து ஒரு சிலவற்றுக்குள் அடங்கிவிடும் என்று அறிவார். நாம் அன்றாடம் உணர்ந்தும் உணராமலும் இருக்கும் இந்தச் செய்தியை எண்ணால் சொல்வதுதான் ஆய்வு. சிரோமணி அவர்களின் தமிழ் உரைநடையின் என்ட்ரபி பற்றிய கட்டுரை 1963-இல் 'இன்ஃபர்மேஷன் அண்ட் கண்ட்ரோல்' என்ற உலகப் புகழ் பெற்ற இதழில் வெளிவந்தது. அக்கட்டுரை நான்கு பக்கங்களுக்குள் அடங்கியது! அறுபது பக்கம் நிரப்பத் தவிக்கும் நாம் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

இத்தகைய ஆய்வில் முதல் வேலை எண்ணுவதுகூட அன்று. எதை எண்ணப் போகிறோம் என்று வரையறுப்பது. 247 எழுத்துகள் என்று நாம் சொல்லும் நம் நெடுங்கணக்கில் 'கொ' என்பதை ஓர் எழுத்தாகக் கொள்வதா, அச்சுக் கோப்பவர் கையில் எடுக்கும் மூன்று அச்சுகளாகக் கொள்வதா? இதைத் தெளிவாகச் சொல்லாமல் எண்ணத் தொடங்கினால் எண்ணியதெல்லாம் வீண். ஆய்வேட்டில் வரையறை என்ற பகுதி எதற்கு என்று சலித்துக்கொள்ளும் நமக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

வாசலில் பிறந்த கணிதம்

விடியற்காலையில் நம் தாய்மார்கள் வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக் கோலமிடுகிறார்கள். ஐந்து புள்ளிக் கோலம் அறிந்தவர் அதையே ஏழாகவும் ஒன்பதாகவும் விரித்துப் போடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவர் மனத்தில் ஒரு விதி இருப்பதால்தான் அவரால் அவ்வாறு விரிக்க முடிகிறது. அந்த விதியைச் சொல்லித் தா என்று கேட்டால், கை வழக்கம் என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

1950-களில் நோம் சோம்ஸ்கி, மொழியின் தொடர்களைச் சில விதிகளால் பிறப்பிக்கும் இலக்கண முறையை வகுத்தார். அந்த இலக்கணம் ஒரே வரியாக நீளும் தொடருக்கு உரியது. கோலமோ நீளமும் அகலமும் உடையது. எனவே படத்திற்கும் ஓர் இலக்கணம் வேண்டும். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியையாக விளங்கிய கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் இதற்கு வழி கண்டனர். முதலில் விதிகளால் ஒரு கிடைவரிசை பிறக்கிறது. பிறகு அவ்வரிசையின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் கீழ்நோக்கி ஒரு நெடுவரிசை வளர்கிறது. இரண்டும் சேர்ந்து படம் ஆகிறது. 1972-இல் வெளிவந்த இந்த முறை இன்றும் சிரோமணி அணி இலக்கணம் என்ற பெயரால் கணிப்பொறி அறிவியலில் வழங்குகிறது. 1974-இல் மூவரும் சேர்ந்து கோலத்தையே தலைப்பில் வைத்து மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். 'கோலம்' என்னும் தமிழ்ச் சொல் அன்று முதல் உலகக் கணிப்பொறி அறிஞர்களின் கலைச்சொற்களுள் ஒன்றாயிற்று. 2002-இல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர், கோல மரபைப் பற்றி 'அமெரிக்கன் சயன்டிஸ்ட்' இதழில் தனிக் கட்டுரையே எழுதினார்.

தெருவில் நாள்தோறும் மிதித்துச் செல்லும் மாக்கோலத்தில் உலகம் அறியாத ஒரு கேள்வி இருந்தது. அதைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

கல்லும் பறவையும்

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாப் போகாத கல்லூரி மாணவர் நம் பகுதியில் இல்லை. அர்ச்சுனன் தபசின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். சிரோமணி அவர்கள் அச்சிற்பங்களில் யார் என்ன ஆடை உடுத்தியிருக்கிறார், எந்த அணி பூண்டிருக்கிறார் என்று உருவம் உருவமாகக் கவனித்து எழுதினார். அக்கட்டுரை 1970-இல் வெளிவந்தது. எந்த இதழில் என்று எண்ணுகிறீர்கள்? அவருடைய சொந்தக் கல்லூரியின் இதழிலேதான்! உலக இதழ்களில் எழுதத் தெரிந்தவர், தம் மாணவர்கள் படிக்கும் இதழுக்கும் அதே உழைப்பையும் அதே துல்லியத்தையும் கொடுத்தார். கல்லூரி மலருக்கு எழுதுவது பக்கம் நிரப்பும் வேலை என்று கருதுவோர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

பின்னர் அவர் சிற்பங்களை அளக்கவும் தொடங்கினார். சிற்ப நூல்கள் முகத்தின் நீளத்தைத் தாலம் என்ற அளவாகக் கொண்டு, இன்ன உருவம் இத்தனை தாலம் இருக்க வேண்டும் என்று விதிக்கின்றன. பல்லவச் சிற்பிகள் செதுக்கிய உருவங்களின் அளவுகள் உண்மையில் எவ்வாறு அமைந்துள்ளன? பேரறிஞர்கள் இதைப் பற்றி மேடைகளில் வாதிடலாம். இவரோ தம்முடன் உழைத்தவர்களோடு சேர்ந்து அளவெடுத்து, பல்லவச் சிற்பங்களின் அளவியல் பற்றிய கட்டுரையை 1980-இல் கலாக்ஷேத்திரக் காலாண்டிதழில் வெளியிட்டார்.

திருக்கழுக்குன்றத்து மலையில் நண்பகல் வேளையில் அமுதுண்ண வரும் இரண்டு கழுகுகளைப் பற்றி நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்போம். அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்பது தலபுராணம். சிரோமணி அவர்கள் 1977-இல் அக்கழுகுகளைப் பற்றிப் பறவை நோக்குவோருக்கான செய்தி இதழில் எழுதினார். இன்று அந்த மலைக்குக் கழுகுகள் வருவதில்லை. அந்தப் பாறு இனமே உலகெங்கும் அருகிவருகிறது. கண்ணால் கண்ட ஒருவர் அன்று எழுதி வைத்ததால், இன்று உலகில் எங்கோ இருக்கும் பறவையியலாரும் அதைப் படித்தறிய முடிகிறது. அன்று மலையேறிக் கண்டு களித்தவர் எத்தனையோ ஆயிரம் பேர். எழுதாதவர் கண்டது அவரோடு போயிற்று.

தெரிந்தது, தெரியாதது

சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டேன் என்று அறிவித்தவர்கள் பலர். 1977-இல் ஐராவதம் மகாதேவன் அவர்கள் சிந்துவெளிப் பொறிப்புகளைத் தொகுத்துப் பெரும் அட்டவணை நூல் வெளியிட்டார். சிரோமணி அவர்கள் அத்துறையில் இறங்கியபோது, படித்துவிட்டேன் என்ற முழக்கத்தோடு இறங்கவில்லை. எந்தக் குறி எந்தக் குறியோடு சேர்ந்து வருகிறது, எவை ஒரே குழுவைச் சேர்ந்தவை என்பதை மட்டும் கணிப்பொறியின் துணையால் ஆராய்ந்து, அப்துல் ஹக் என்பவரோடு சேர்ந்து, 1981-இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டிற்குக் கட்டுரை அளித்தார். எண்ணிக்கை எதுவரை அழைத்துச் செல்கிறதோ அதுவரை சென்று, அங்கே நின்றுவிடுவது ஆய்வாளரின் ஒழுக்கம்.

அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணிப்பொறி அடையாளம் காணும் முறை பற்றி 1978-இலேயே 'பேட்டர்ன் ரெகக்னிஷன்' என்ற இதழில் அவரும் அவர் குழுவினரும் எழுதினர். இன்று நம் கைப்பேசி தமிழ்ப் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக்கித் தருகிறது. அந்த நெடும்பாதையின் தொடக்க அடிகளுள் ஒன்று நம் தாம்பரத்தில் எடுத்து வைக்கப்பட்டது என்பது நமக்குப் பெருமையன்றோ! 1980-இல், திருக்குறளைப் பழைய எழுத்து வடிவங்களில் எழுதிக் காட்டும் நூல் ஒன்றைக் கல்லூரியின் புள்ளியியல் துறையே வெளியிட்டது. அதன் ஆசிரியர்களாகச் சிரோமணி அவர்களின் பெயரோடு கோவிந்தராஜு, சந்திரசேகரன் என்ற இருவரின் பெயர்களும் உள்ளன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய கட்டுரைகள் பலவற்றின் தலைப்பின் கீழே ஒரே பெயர் இல்லை. இரண்டோ மூன்றோ பெயர்கள் இருக்கின்றன. அளவெடுத்தவர், எண்ணியவர், கணிப்பொறிக்குக் கட்டளை எழுதியவர் ஆகியோரின் பெயர் அச்சேறியது. உழைத்தவன் பெயர் ஆய்வில் இடம்பெற வேண்டும்; உழையாதவன் பெயர் இடம்பெறக் கூடாது. சொல்வதற்கு எளிய நெறி இது, கடைப்பிடிப்பதுதான் அருமை.

எனக்கு நேர்ந்தது

சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஒன்றை இங்கு மறைக்காமல் சொல்கிறேன். கட்டுரை வெளியிட்டிருந்தால் மேற்படிப்பிற்கு உதவும் என்று நண்பர் ஒருவர் சொல்ல, ஓர் இதழுக்கு என் வகுப்புக் கட்டுரையை அனுப்பினேன். பணம் கட்டச் சொன்னார்கள். என் தந்தையாரிடம் தேர்வுக் கட்டணம் என்று சொல்லி வாங்கிக் கட்டினேன். நான்காம் நாள் கட்டுரை வெளிவந்துவிட்டது. அழகான சான்றிதழும் வந்தது. நண்பர்களிடம் காட்டி மகிழ்ந்தேன். ஒரு மாதம் கழித்து எங்கள் ஆசிரியர் அதைப் பார்த்து, இரண்டாம் அட்டவணையைக் கூட்டிப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். கூட்டிப் பார்த்தேன். தவறு. நூற்று இருபது பேரிடம் கேட்டதாக எழுதியிருந்த நான், அட்டவணையில் நூற்று முப்பத்திரண்டு பேரைக் காட்டியிருந்தேன். அக்கட்டுரையை ஒருவரேனும் படித்திருந்தால் இதைக் கண்டிருப்பார். ஒருவரும் படிக்கவில்லை. நான் கொடுத்த பணம் படிக்காமல் இருப்பதற்கான கூலி! அந்தத் தவறு இன்றும் என் பெயரோடு நிலைத்திருக்கிறது. தந்தையாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அட்டவணையைத்தான் திருத்த வழியில்லை.

முனைவர் பட்ட ஏட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு வைத்திருந்த நிபந்தனை 2022-இல் நீக்கப்பட்டது. ஆயினும் எத்தனை கட்டுரை என்று எண்ணிக் கேட்கும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. சிரோமணி அவர்களும் எண்ணியவர்தாம். அவர் பொருள்களை எண்ணினார். நாம் கட்டுரைகளை எண்ணுகிறோம்.

நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பினால், அத்துறை அறிந்த நடுவர்கள் படித்துக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மனம் வருந்தும். ஆனால் அந்தக் குறைகள், நாம் வகுப்பறையில் பெற முடியாத பாடம். முகம் தெரியாத ஒருவர் நம் எழுத்தை வரி வரியாகப் படித்து, இது போதாது, இதற்குச் சான்று எங்கே என்று கேட்பதைவிட ஒரு மாணவனுக்குப் பெரிய மதிப்பு வேறு என்ன இருக்க முடியும்?

நாம் கற்க வேண்டியவை

பேராசிரியரின் கட்டுரைகளை நோக்கும்போது, ஆய்வு எழுதும் முறை பற்றிச் சில தெளிவுகள் நமக்குக் கிடைக்கின்றன. கேள்வி சிறியதாக இருக்கட்டும். ஒரே தொடரில் சொல்ல முடிந்ததாக இருக்கட்டும். எதை எண்ணுகிறோம், எதை விடுகிறோம் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். நமக்கு முன் இதைச் செய்தவர் யார் என்பதைத் தேடிப் படித்து, அவர் பெயரைச் சொல்லி, அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். மற்றொருவர் நம் கட்டுரையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதே வேலையைத் திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும். முடிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் ஆங்கில மொழிப் புலமையோ பெரிய ஊதியமோ முன்தேவை அன்று. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம் போன்றோருக்கு, நம் ஊரும் தெருவும் வயலும் நன்றாகத் தெரியும். நகரத்துப் பெரிய நிறுவனங்களில் உள்ளவர்களுக்குத் தெரியாத பொருள் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. நமக்குக் குறையாக இருப்பது அதை எண்ணிப் பார்க்கும் பொறுமைதான்.

முடிவுரை

கிஃப்ட் சிரோமணி அவர்கள் 1988-இல், அறுபது வயதை எட்டுமுன்பே மறைந்தார். அவர் நடந்த புதர்க்காடு இன்றும் தாம்பரத்தில் இருக்கிறது. சுற்றிலும் ஊர் பெருகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. ஏரிகள் சுருங்கின, வயல்கள் வீடுகளாயின. இன்று நாம் எண்ணி எழுதாதவற்றுள் எவையெவை நாளை எண்ணுவதற்கே இல்லாமற் போகுமோ, யார் அறிவார்?

நான் என் ஆய்வேட்டின் தலைப்பை மாற்றிக்கொண்டேன். பழைய ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டருகே உள்ள ஏரியில் ஞாயிறுதோறும் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை வரும் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறேன். இதுவரை பதினோரு ஞாயிறு முடிந்துள்ளது. ஏடு முப்பது பக்கத்தைத் தாண்டாது என்று எங்கள் ஆசிரியரிடம் தயக்கத்தோடு சொன்னேன். கூட்டல் சரியாக இருந்தால் போதும் என்றார்.

எண்ணுவோம், எண்ணியதை எழுதுவோம். அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும். வாழ்க அவர் புகழ்!